முள்ளுக் கத்தரிக்காய் வராத தோட்டம்: ஒரு மாட் கருவி நிறுவலின் நிகழ்வு ஆய்வு

2024 மே மாதம், கோடை விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை. வேலூர் ஆரணி ரோட்டில் இருக்கும் என் கணினிப் பழுதுபார்ப்புக் கடைக்கு அக்கா மகனும் அக்கா மகளும் அணைக்கட்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அவன் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். அவள் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தாள். அவன் தோளில் லேப்டாப் பை, அவள் கையில் ஒரு கிராஃப் நோட்டு.

"மாமா, மாட் போட்டதிலிருந்து எல்லாமே போய்விட்டது" என்றாள். அழுது ஓய்ந்த முகம்.

எல்லாம் என்றால் என்னென்ன என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். மாட் கருவியை, அதாவது கணினி விளையாட்டில் பிறர் செய்த மாற்றங்களை ஏற்றித் தரும் கருவியை, நிறுவிய அன்று விளையாட்டே திறக்கவில்லை. பிறகு திறந்தது, ஆனால் அவள் செய்த கத்தரிக்காய் வரவில்லை. கடைசியாக, ஐந்து மாதமாக அவள் விளையாட்டில் வளர்த்த தோட்டமே காணாமல் போயிற்று. மூன்றும் ஒரே நோயின் மூன்று குறிகள் என்று அண்ணனும் தங்கையும் உறுதியாக நம்பினார்கள். கருவிதான் விளையாட்டைக் கெடுத்துவிட்டது என்பது அவர்கள் முடிவு. அந்த முடிவு ஏன் தவறாகப் போனது, அதை நம்பிச் செய்த காரியங்கள் எவ்வளவு சேதம் செய்தன என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று அன்றே தோன்றியது. இதே வரிசையில் இதே தவறுகளைச் செய்துவிட்டு வரும் பிள்ளைகளை ஒவ்வொரு விடுமுறையிலும் பார்க்கிறேன்.

விளையாட்டின் பெயர் ஸ்டார்டியூ வேலி. எரிக் பரோன் என்ற ஒருவர் தனியாளாக, படம், இசை, கதை எல்லாவற்றையும் தானே செய்து 2016 பிப்ரவரி 26 அன்று வெளியிட்டது. தாத்தா விட்டுச் சென்ற பாழ்நிலத்தைத் திருத்திப் பயிர் செய்வதுதான் விளையாட்டு. சண்டை கொஞ்சம் உண்டு, பெரும்பாலும் விவசாயம். இலவம்பாடிப் பக்கம் முள்ளுக் கத்தரி போடும் குடும்பத்துப் பெண்ணுக்கு அது பிடித்துப்போனதில் எனக்கு வியப்பில்லை. அந்த விளையாட்டிலும் கத்தரி உண்டு. இலையுதிர் பருவத்தில் மட்டும் விளையும். விதை 20 பொன், ஐந்து நாளில் காய்க்கும், அதன்பின் ஐந்து நாளுக்கு ஒருமுறை பறிக்கலாம், காய்க்கு 60 பொன். ஆனால் படத்தில் இருப்பது ஊதா நிற மொழுமொழுக் கத்தரிக்காய். "நம் வீட்டுக் கத்தரிக்காய் இப்படி இருக்காதே" என்று அவளுக்கு மனக்குறை. புவிசார் குறியீடு வாங்கிய காய் அது. விளையாட்டில் அதைக் கொண்டுவர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். இந்த முழு நிகழ்வின் தொடக்கம் அந்த ஆசைதான். அது நல்ல ஆசை.

விளையாட்டை உருவாக்கியவர் அல்லாத மற்றவர்கள் அதில் செய்து சேர்க்கும் மாற்றத்தைத்தான் மாட் என்கிறோம். ஸ்டார்டியூ வேலிக்கு மாட்களை ஏற்றித் தரும் வெளியார் கருவி ஸ்மாப்பி. ஸ்டார்டியூ மாடிங் ஏபிஐ என்பதன் சுருக்கம். இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. முன்பெல்லாம் படத்தை மாற்ற விரும்பியவர்கள் விளையாட்டின் உள்கோப்பையே எடுத்துவிட்டு வேறொன்றை அங்கே வைத்தார்கள். விளையாட்டுக்குப் புதுப் பதிப்பு வந்தால் அது உடைந்துவிடும். ஸ்மாப்பி அப்படிச் செய்வதில்லை. விளையாட்டைத் தன் வழியாகத் திறந்து, ஓடும்போது நினைவகத்தில் மட்டும் மாற்றத்தைச் செய்கிறது. மூலக் கோப்புகள் அப்படியே இருக்கும். இதைத் தெரிந்துகொண்டால் "கருவி விளையாட்டைக் கெடுத்துவிட்டது" என்ற சந்தேகம் பாதி அடிபட்டுப் போகும்.

கை வைக்கும் முன்

லேப்டாப்பை வாங்கியதும் விளையாட்டைத் திறக்கவில்லை. மருமகனுக்கு அது பொறுக்கவில்லை. "திறந்து பார்த்தால்தானே மாமா தெரியும்?" என்றான். திறந்தால் தடயம் அழியும். ஸ்மாப்பி ஒவ்வொரு முறை ஓடும்போதும் நடந்ததையெல்லாம் ஒரு பதிவுக் கோப்பில் எழுதுகிறது. அடுத்த முறை திறந்தால் அதன்மேல் புதிதாக எழுதிவிடும். ஆகவே முதலில் விளையாட்டின் கோப்புறை முழுவதையும், ஆப்டேட்டா என்ற மறைவான இடத்தில் இருக்கும் ஸ்டார்டியூ வேலி கோப்புறையையும் ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்தேன். இந்தக் கடையில் எந்தக் கணினி வந்தாலும் முதல் வேலை இதுதான்.

பிறகு உட்கார வைத்து, நாள் நாளாக நடந்ததைக் கேட்டேன். இருவர் நினைவும் ஒத்துப்போகவில்லை. நல்ல வேளையாக இரண்டு சாட்சிகள் இருந்தன. ஒன்று, பதிவிறக்கக் கோப்புறையில் இருந்த கோப்புகளின் தேதியும் நேரமும். இன்னொன்று அவளுடைய கைபேசி. கருவியின் செய்திகள் ஓடும் கறுப்புச் சாளரத்தில் ஒவ்வொரு முறை எதாவது வந்தபோதும் அவள் படம் பிடித்து வைத்திருந்தாள். "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று அண்ணனிடம் காட்டினேன் மாமா, அது அப்படித்தான் வரும் என்று சொல்லிவிட்டான்." மூன்று படங்கள். அந்த மூன்று படங்களிலும் அந்தந்த நேரத்துக் கோளாறின் பெயர் எழுத்துக்கு எழுத்து இருந்தது. நான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள இதில் அதிகம் இல்லை. அவள் எடுத்த படங்களை நான் படித்தேன், அவ்வளவுதான்.

சனிக்கிழமை: திறக்காத விளையாட்டு

மருமகன் தேடுபொறியில் தேடி, முதலில் வந்த தளத்திலிருந்து கருவியை இறக்கினான். அது ஸ்மாப்பியின் சொந்தத் தளம் இல்லை. பிறர் மென்பொருளைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, சுற்றிலும் பளபளக்கும் பொத்தான்களை அடுக்கி வைத்திருக்கும் இடம். கிடைத்தது ஒரு ஜிப் கோப்பு. இருமுறை சொடுக்கினான். உள்ளே விண்டோஸுக்கான நிறுவல் கோப்பு தெரிந்தது. அதையும் இருமுறை சொடுக்கினான்.

முதல் படம் இங்கே எடுத்தது. "ஜிப்புக்குள்ளிருந்தே நிறுவியை ஓட்டுகிறீர்கள் போலிருக்கிறது, முதலில் அதைப் பிரித்தெடுங்கள்" என்ற பொருளில் கறுப்புச் சாளரம் ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்கிறது. ஜிப் கோப்பைச் சொடுக்கினால் விண்டோஸ் அதை ஒரு சாதாரணக் கோப்புறை போலவே திறந்து காட்டுகிறது. பார்க்கிறவர் ஏமாறுவது இயற்கை. ஆனால் உள்ளிருக்கும் ஒன்றை ஓட்டும்போது அந்த ஒற்றைக் கோப்பு மட்டும் தற்காலிக இடம் ஒன்றுக்குப் போகிறது. அதற்கு வேண்டிய மற்றவை ஜிப்புக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. இந்தச் சிறிய விஷயத்தால் "இன்ஸ்டால் ஆகவில்லை" என்று என்னிடம் வந்த மென்பொருள்களுக்குக் கணக்கில்லை.

மருமகன் ஓரிரு முறை முயன்றுவிட்டுத் தானாகவே பிரித்தெடுத்து நிறுவிவிட்டான். விளையாட்டைத் திறந்தால் கறுப்புச் சாளரம் வந்தது, சிவப்பு வரி ஒன்று ஓடியது, மூடிக்கொண்டது. இரண்டாவது படம். அதில் இருந்த பதிப்பு எண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: 3.18. லேப்டாப்பில் இருந்த விளையாட்டோ 1.6. அந்தப் பதிப்பு 2024 மார்ச் 19 அன்று வந்தது. விளையாட்டின் அடித்தளத்தில் இருக்கும் டாட்நெட் என்ற மென்பொருளே 5இலிருந்து 6க்கு மாறிய பெரிய மாற்றம் அது. அதற்கென்று ஸ்மாப்பி 4.0 வெளியானது. பிரதித் தளம் இன்னும் பழையதையே கொடுத்துக்கொண்டிருந்தது. புதிய விளையாட்டில் பழைய கருவி ஓடாது. இவ்வளவுதான் முதல் கோளாறு.

அவன் வெயிலைச் சந்தேகப்பட்டான் என்பதையும் சொல்ல வேண்டும். வெயிலூர் என்று எங்கள் ஊரை எங்களவர்களே சொல்வதுண்டு. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே புதிதல்ல. லேப்டாப் சூடாகித் தானாக அணைவதை நான் தினமும் பார்க்கிறேன். அதனால் அந்தச் சந்தேகத்தைத் தள்ளிவிடாமல் விசாரித்தேன். சூட்டால் என்றால் கணினியே அணையும், அல்லது சிறிது நேரம் ஓடிவிட்டு நிற்கும். இங்கே திறந்த சில நொடியில் விளையாட்டு மட்டும் மூடியது. கருவி இல்லாமல் அதே மதியம் அவள் இரண்டு மணி நேரம் விளையாடியிருக்கிறாள். வெயிலுக்கு இதில் பங்கில்லை.

ஆனால் அந்தப் பிரதித் தளத்தைப் பற்றி எனக்கு உண்மையாகவே பயம் உண்டு. மாட் கருவி என்பது ஒரு முழு நிரல். அதை ஓட்டினால் உங்கள் கணக்கில் நீங்கள் செய்யக்கூடிய எல்லாவற்றையும் அதுவும் செய்யலாம். உலாவியில் சேமித்த கடவுச்சொல்லைப் படிக்கலாம், கோப்பை அனுப்பலாம். 2023 ஜூனில் மைன்கிராஃப்ட் விளையாட்டின் மாட்களில் ஃப்ராக்சரைசர் என்ற தீநிரல் புகுந்தது. பெயர்பெற்ற தளங்களில் மாட் வெளியிடும் சிலருடைய கணக்குகளைக் கைப்பற்றி அதன் வழியே பரப்பினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று ஸ்லே தி ஸ்பயர் விளையாட்டுக்கான டவுன்ஃபால் என்ற மாட் கடவுச்சொல் திருடும் நிரலைச் சுமந்து வந்தது. அதையும் உருவாக்கியவர்களின் கணக்கைக் கைப்பற்றித்தான் செய்தார்கள். நேர்மையான வாசல் வழியாகவே திருடன் வந்த நிகழ்வுகள் இவை. அப்படியிருக்க, யாரென்றே தெரியாத ஒரு பிரதித் தளத்தை எப்படி நம்புவது? மருமகனின் உலாவியில் கல்லூரிக் கணக்கும் மின்னஞ்சலும் கடவுச்சொல்லோடு சேமிக்கப்பட்டிருந்தன. வைரஸ் தடுப்பு நிரலால் லேப்டாப்பை முழுவதுமாக வருடிப் பார்த்தோம். எதுவும் அகப்படவில்லை. இருந்தும் என் கடைக் கணினியில் உட்கார வைத்து எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றச் செய்தேன். அவன் முணுமுணுத்தான். பரவாயில்லை.

ஞாயிறு முதல் புதன் வரை: வராத கத்தரிக்காய்

ஞாயிற்றுக்கிழமை கல்லூரி நண்பன் ஒருவன் சொல்லி, ஸ்மாப்பியின் சொந்தத் தளத்திலிருந்து 4.0 வரிசைப் பதிப்பை இறக்கினான். நிறுவி பழையதைத் தானே அகற்றிவிட்டுப் புதியதை வைத்துவிட்டது. ஒருமுறை திறந்து பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. மூடினான். அந்த ஒரு முறை திறந்து மூடியதற்கு என்ன மதிப்பு என்று பின்னால் தெரியவரும்.

அன்று மாலை அவள் தன் கத்தரிக்காய் மாட்டை மாட்ஸ் என்ற கோப்புறைக்குள் போட்டாள். மேசைத்திரையில் பழகிய ஷார்ட்கட்டைச் சொடுக்கினாள். விளையாட்டு திறந்தது. சந்தைப் பெட்டியில் அதே ஊதாக் கத்தரிக்காய். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அப்படியே.

பழைய ஷார்ட்கட் காட்டிக்கொண்டிருந்தது விளையாட்டின் சொந்த நிரலை. ஸ்மாப்பி விண்டோஸில் அந்த நிரலை மாற்றி எழுதுவதில்லை. பக்கத்தில் தன்னுடைய தனி நிரலை வைக்கிறது. அதன் வழியே போனால்தான் மாட் ஏறும். பழைய வழியே போனால் பழைய விளையாட்டுதான். ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தின் வழியாக விளையாடுகிறவர்கள் அங்கே தொடக்க விருப்பம் என்ற இடத்தில் ஸ்மாப்பியின் முகவரியை ஒட்டிவிட வேண்டும். அந்த முகவரியில் வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி வருவதால் இருபுறமும் மேற்கோள் குறி கட்டாயம் இருக்க வேண்டும். இவர்கள் வைத்திருந்தது ஜிஓஜி என்ற இன்னொரு விற்பனைத் தளத்தில் வாங்கிய பிரதி. விடுதியில் இணையம் நன்றாக இருந்தபோது நிறுவியை இறக்கி எடுத்து வந்திருந்தான். அதற்குப் புதிய ஷார்ட்கட் ஒன்று போதும்.

புதன் காலையில் மருமகன் சரியான நிரலைத் திறந்தான். கறுப்புச் சாளரத்தில் சிவப்பு எழுத்து. மூன்றாவது படம். அவளுடைய மாட்டைத் தவிர்த்துவிட்டதாகவும், மாட்டின் பெயரையும் அதற்கு வேண்டியவற்றையும் சொல்லும் மேனிஃபெஸ்ட் என்ற கோப்பைப் படிக்க முடியவில்லை என்றும், அதில் வளைந்த மேற்கோள் குறிகள் இருப்பதாகவும், ஜேசன் வகைக் கோப்பில் நேரான குறிகள் மட்டுமே ஏற்கப்படும் என்றும் அந்த வரி சொல்கிறது. இதைவிடத் தெளிவாக எந்த மனிதராலும் சொல்ல முடியாது. கருவியை எழுதியவர்கள் இந்தத் தவறை எதிர்பார்த்து, அதற்கென்றே ஒரு வாக்கியம் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த அக்கறையை நினைத்து எனக்கு மனம் நெகிழ்ந்தது. மருமகன் சிவப்பு நிறத்தைப் பார்த்தான், வார்த்தைகளைப் பார்க்கவில்லை.

வளைந்த குறி எங்கிருந்து வந்தது? பள்ளியில் கணினி வகுப்பில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஆவணம் தட்டச்சு செய்யும் மென்பொருள். அதிலேயே கோப்பையும் எழுதினாள். அந்த வகை மென்பொருள்கள் நேரான மேற்கோள் குறியை அழகுக்காக வளைத்துவிடும். கடிதத்துக்கு அது நல்லது. கணினிக்கு அது வேறோர் எழுத்து. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத் தெரிவதால் மணிக்கணக்கில் பார்த்தாலும் பிடிபடாது. கைபேசியில் செய்தியாக அனுப்பி, அதிலிருந்து எடுத்து ஒட்டினாலும் சில நேரம் இதே கதிதான். நோட்பேடில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

நான் அவளையே நோட்பேடில் திறந்து ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னேன். மாற்றினாள். திறந்தோம். மறுபடியும் சிவப்பு. அவள் முகம் வாடிவிட்டது. "படி" என்றேன். படித்தாள். இப்போது வரி வேறு: கன்டென்ட் பேட்சர் என்ற இன்னொரு மாட் வேண்டும், அது நிறுவப்படவில்லை. ஸ்மாப்பி ஏற்றித் தரும் வேலையைத்தான் செய்யும். நிரல் எழுதத் தெரியாதவர்கள் வெறும் படத்தையும் குறிப்பையும் வைத்து மாட் செய்ய உதவுவது கன்டென்ட் பேட்சர். அதை நெக்ஸஸ் மாட்ஸ் தளத்திலிருந்து எடுத்து, பிரித்து, வைத்தோம். இந்தக் குறை ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே இருந்தது. மேனிஃபெஸ்ட்டையே படிக்க முடியாதபோது அதில் என்ன கேட்டிருக்கிறது என்பது கருவிக்கு எப்படித் தெரியும்? ஒரு கோளாறு இன்னொன்றை மறைத்துக்கொண்டிருந்தது. முதலாவதைச் சரிசெய்தும் சிவப்பு போகவில்லை என்றால் சரிசெய்தது வீண் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். வரி மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாறியிருந்தால் ஒரு படி முன்னேறிவிட்டோம்.

மூன்றாவது முறையும் ஏறவில்லை. இந்த முறை மாட்டின் உள்ளடக்கக் கோப்பே இல்லை என்றது. கண்ணெதிரே இருக்கும் கோப்பை இல்லை என்கிறதே என்று அண்ணனும் தங்கையும் என்னைப் பார்த்தார்கள். விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை வழக்கமாக மறைத்து வைக்கிறது. அதைக் காட்டச் சொல்லும் தேர்வைப் போட்டதும், ஜேசன் என்று முடிய வேண்டிய பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி என்று ஒரு வால் ஒட்டியிருந்தது. வாலை நீக்கினோம். சிவப்பு போய்விட்டது.

வியாழக்கிழமை: காணாமல் போன தோட்டம்

உண்மையான சேதம் நடந்தது இந்த நாளில்தான். அதைச் செய்தது கருவியோ மாட்டோ இல்லை.

புதன் காலைச் சிவப்பு வரியைப் பார்த்த மருமகன் அன்று மதியமே விளையாட்டை முழுவதுமாக நீக்கிவிட்டு மறுபடி நிறுவினான். நீக்கி நிறுவினால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. திறந்தால் அதே சிவப்பு வரி. நிறுவி நிரல் வைத்த கோப்புகளை மட்டுமே நீக்கும் நிரல் எடுத்துக்கொண்டு போகிறது. மற்றவர்கள் வைத்தது அங்கேயே கிடக்கும். மாட்ஸ் கோப்புறையும், அதற்குள் வளைந்த குறியோடு அவளுடைய மேனிஃபெஸ்ட்டும், ஸ்மாப்பியும் இருந்த இடத்திலேயே இருந்தன. புதிதாக நிறுவிய விளையாட்டு அதன்மேல் வந்து உட்கார்ந்தது. கோளாறு ஒரு இம்மியும் நகரவில்லை.

வியாழன் காலையில் ஒரு காணொளியில் சொன்னபடி ஆப்டேட்டாவில் இருந்த ஸ்டார்டியூ வேலி கோப்புறையை, குப்பைத் தொட்டிக்கும் போகாதபடி நிரந்தரமாக அழித்தான். சுத்தமான நிறுவலுக்கு அது அவசியம் என்று அந்தக் காணொளி சொன்னதாம். சேமிப்புகள் இருக்கும் இடம் அது. ஐந்து மாதத் தோட்டம், இரண்டாம் ஆண்டின் இலையுதிர் பருவம் வரை வந்தது, ஒரே நொடியில் போயிற்று. சனியிலிருந்து எழுதப்பட்ட பதிவுக் கோப்புகளும் அதே கோப்புறையில்தான் இருந்தன. அவளுடைய கைபேசிப் படங்கள் இல்லையென்றால் முதல் இரண்டு கோளாறுகளை நான் ஊகித்துத்தான் சொல்லியிருப்பேன்.

அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தங்கைக்கு உதவ வேண்டும் என்று மூன்று நாள் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் பக்கத்தில் உட்கார வைத்து, அழித்தது என்ன என்பதைத் திறந்து காட்டினேன். ஸ்டார்டியூவில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் தோட்டக்காரர் பெயரும் ஓர் எண்ணும் சேர்ந்த தனிக் கோப்புறை இருக்கும். உள்ளே அதே பெயரில் ஒரு கோப்பு, சுருக்கத் தகவல் ஒன்று, முந்தைய நாளின் பழைய பிரதி. மொத்தமே சிறிய அளவுதான். ஒரு பென் டிரைவில் எடுத்து வைக்க அரை நிமிடம் ஆகியிருக்காது.

இனி ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புவோம். ஸ்மாப்பியை நிறுவும்போது அதனுடன் சேமிப்புக் காப்பு என்ற ஒரு சிறிய மாட்டும் வருகிறது. கேட்காமலே வரும், பலருக்கு அது இருப்பதே தெரியாது. ஸ்மாப்பி வழியாக விளையாட்டைத் திறக்கும்போது, அன்றைக்குக் காப்பு எடுக்கவில்லை என்றால், எல்லாத் தோட்டங்களையும் ஒரு ஜிப் கோப்பாகச் சுருட்டி வைத்துவிடும். கடைசி 10 காப்புகளை வைத்துக்கொண்டு பழையதைக் கழிக்கும். அதை வைக்கும் இடம் ஆப்டேட்டா இல்லை, விளையாட்டின் சொந்தக் கோப்புறை. நீக்கும் நிரல் தான் வைக்காததைத் தொடுவதில்லை என்று மேலே சொன்னேன். எந்தக் குணத்தால் புதனன்று கோளாறு போகாமல் நின்றதோ, அதே குணத்தால் காப்பும் போகாமல் நின்றது.

கோப்புறையைத் திறந்தேன். இரண்டு ஜிப் கோப்புகள் இருந்தன. ஒன்று ஞாயிறு தேதி, இன்னொன்று புதன் தேதி. பெயரிலேயே தேதியும் ஸ்மாப்பியின் பதிப்பும் விளையாட்டின் பதிப்பும் இருந்தன. மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகே உட்கார்ந்தாள்.

புதன் காப்பைப் பிரித்து, சேமிப்பு இருக்க வேண்டிய இடத்தில் வைத்தோம். தோட்டம் வந்தது. கோழிக்கூடம், பசு, வேலி, இலையுதிர் பருவத்துக் கத்தரிப் பாத்திகள் எல்லாம் இருந்தன. புதன் இரவு அவள் பழைய ஷார்ட்கட் வழியே விளையாடிய மூன்று நாள்கள் மட்டும் திரும்பவில்லை. அந்த வழியில் காப்பு மாட் ஓடாது. விளையாட்டின் ஒரு நாள் நம் கணக்கில் ஏறத்தாழ 14 நிமிடம். முக்கால் மணி நேரத்து இழப்பு. அவள் அதை விரலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "போகட்டும் மாமா" என்றாள்.

புதன் காலையில் மருமகன் சரியான நிரலைத் திறக்காமல் இருந்திருந்தால் ஞாயிறு காப்பு மட்டும் மிஞ்சியிருக்கும். ஞாயிறன்று சரியான பதிப்பைக் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் எதுவும் மிஞ்சியிருக்காது. எவரும் திட்டமிடாமல் கிடைத்த பாதுகாப்பு இது. இதை நம்பி இருக்கக் கூடாது. ஆகவே வாரத்துக்கு ஒருமுறை சேமிப்புக் கோப்புறையைப் பென் டிரைவில் எடுத்து வைக்க அவளுக்குக் கற்றுக் கொடுத்தேன். விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில் அடித்தால் நேராக அந்த இடத்துக்குப் போய்விடலாம். நோட்டின் அட்டையில் எழுதிக்கொண்டாள். ஸ்மாப்பியின் தளத்திலேயே பதிவுக் கோப்பை ஏற்றி நிறம் பிரித்துப் படிக்க ஒரு பக்கமும், ஜேசன் கோப்பில் பிழை பார்க்க ஒரு பக்கமும் உண்டு. அவற்றையும் எழுதிக்கொண்டாள். மருமகன் பக்கத்தில் நின்று கைபேசியில் அதையே தட்டச்சு செய்துகொண்டிருந்தான்.

256 கட்டங்கள்

கோளாறு தீர்ந்தபின் மதியச் சாப்பாட்டைக் கடையிலேயே வரவழைத்தோம். பிறகு கத்தரிக்காய்க்கு வந்தோம். மாட் ஏறியது, ஆனால் சந்தைப் பெட்டியில் கத்தரிக்காய் இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டத்துக்குள் ஒரு மங்கிய கறை. வயலில் எடுத்த புகைப்படத்தையே சுருக்கி வைத்திருந்தாள். ஸ்டார்டியூவில் ஒரு பொருளின் படம் அகலம் 16, உயரம் 16 புள்ளிகள். மொத்தம் 256. எந்தப் புகைப்படமும் அந்த அளவுக்குள் கறையாகத்தான் சுருங்கும். பின்னணி ஊடுருவித் தெரியவும் பிஎன்ஜி வகைப் படம் வேண்டும்.

கிராஃப் நோட்டைத் திறந்தாள். பெட்டிக்கு ஒரு புள்ளி என்று வைத்து, காயின் வளைவை வரைந்து, கறுத்த ஊதாவுக்கு ஒரு பென்சில், பளபளப்புக்கு ஒரு பென்சில் எடுத்து நிரப்பினாள். புள்ளிக் கோலம் போடும் கை. வளைவு எங்கே ஒரு கட்டம் தள்ளி இறங்க வேண்டும் என்பது அவளுக்குத் தானாக வந்தது. நான் குறுக்கிடவில்லை.

அந்தப் படம் எங்கே போய் ஒட்ட வேண்டும் என்பதையும் அவளே கண்டுபிடித்தாள். விளையாட்டின் பொருள்கள் எல்லாம் ஒரே பெரிய படத்தாளில் வரிசைக்கு 24 என்று அடுக்கப்பட்டிருக்கின்றன. கத்தரிக்காயின் எண் 272. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது. 272ஐ 24ஆல் வகுத்தாள். ஈவு 11, மீதி 8. அப்படியென்றால் மேலிருந்து 11 வரிசை தாண்டி, இடமிருந்து 8 கட்டம் தாண்டி. ஒவ்வொன்றும் 16 புள்ளி. 11ஐ 16ஆல் பெருக்க 176, 8ஐப் பெருக்க 128. இடமிருந்து 128, மேலிருந்து 176. கன்டென்ட் பேட்சருக்கான குறிப்பில் அந்த இரண்டு எண்ணையும் எழுதினாள். ஈவும் மீதியும் எதற்குப் படிக்கிறோம் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கலாம்.

திறந்தோம். கறுப்புச் சாளரத்தில் சிவப்பு இல்லை. பாத்தியில் ஒரு காய் பறித்தாள். பையில் வந்து விழுந்தது இலவம்பாடிக் கத்தரிக்காய். வயலில் நிற்கும் செடி மட்டும் பழையபடியே இருந்தது. செடிகளின் படம் தனித் தாளில் இருக்கிறது, அதை வேறு வரைய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையில் லேப்டாப்பை வைத்துத் தாத்தாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒரு காய் 60 பொன் என்றதும், "ஒரு காய்க்கா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு திரையில் விரலை வைத்தார்.

"காயின் மேல் எதற்கு முள் போட்டிருக்கிறாய்? முள் காம்பிலும் இலையிலும்தான் இருக்கும். காயில் ஏது?"

அவள் நோட்டைத் திறந்து, ரப்பரை எடுத்து, இரண்டு கட்டங்களை அழித்தாள்.